மெஹாரா இளைத்த வருடங்கள்

தலைநகரத்துக்குப் போன முதல் வருடத்திலேயே மெஹாரா பதினொரு கிலோ இளைத்துவிட்டாள். போகும்போது அவள் ஏழரை அடி உயரம், இரண்டாயிரத்து நூறு கிலோ எடை. கப்பலில் ஏற்றும்போது கப்பல்காரர்களே நிறுத்து எழுதியது, நாங்கள் கூட்டிச் சொன்னதல்ல. செம்மண் நிறக் கல்லில், இரண்டு கைகளையும் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு நிற்கிற பெண். உதடு தடித்து, கண் பெருத்து, எதையோ கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது போன்ற முகம். எங்கள் வைதாரூ தீவில் அவளைச் செதுக்கியது யார் என்று யாருக்கும் தெரியாது. தெரியும் என்று சொல்கிற குடும்பங்கள் ஐந்து இருந்தன, ஐந்தும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை. கல் எப்படி இளைக்கும் என்று தலைநகரத்தில் பின்னாளில் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். பட்டினி போட்டால் யார்தான் இளைக்கமாட்டார்கள் என்று எங்கள் ஊரில் கேட்டார்கள், அதோடு அந்த ஆராய்ச்சி இங்கே முடிந்துவிட்டது.

அவள் நின்றது தித்தாயினாவின் குடும்பத்துச் சேப்பங்கிழங்கு வயலின் வரப்பில். ஒவ்வொரு முறை கிழங்கு எடுக்கும்போதும் அந்த வீட்டுப் பெண் முதல் கிழங்கை அவித்து, இடித்து, புளிக்கவைத்து, அந்தப் போப்போய்க் களியில் ஒரு விரல் எடுத்து மெஹாராவின் உதட்டில் வைப்பாள். கொஞ்ச நேரத்தில் களி காணாமல் போகும். நாங்கள் நூறு வருடத்துக்கு மேலாகக் கிறிஸ்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை வெள்ளை உடுத்தி, ஓலைத் தொப்பி வைத்து, நான்கு குரலில் சபைப்பாட்டுப் பாடுகிறவர்கள். ஆகவே திருச்சபை மூப்பர் இயோத்தேஃபா இதைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம், எறும்பு தின்றிருக்கும் என்று சொல்லிவிடுவோம். அவரும் எறும்புதான் என்று ஒப்புக்கொள்வார், ஆனால் அந்த வயலைக் கடக்கும்போது மட்டும் வேகமாக நடப்பார். 1934இல் புயல் வந்து கடலை எடுத்து வயல்களில் கொட்டிவிட்டுப் போனது. இரண்டு வருடம் ஒரு கிழங்கும் விளையவில்லை. மீனையும் தேங்காயையும் வைத்து நாங்கள் காலத்தை ஓட்டினோம். மெஹாராவுக்கு மீன் ஒத்துக்கொள்ளாது. தித்தாயினாவுக்கு அப்போது முப்பத்தொரு வயது. முத்துச்சிப்பி எடுக்கப் போன கணவன் வேறொரு தீவில் வேறொருத்தியோடு தங்கிவிட்டான், பிள்ளை இல்லை. தினமும் வெறுங்கையோடு வரப்புக்குப் போய், "இன்னும் வெளையலடி, கொஞ்சம் பொறுத்துக்க" என்று கல்லிடம் சொல்லிவிட்டு வருவாள். சொல்லிச் சொல்லி அவளுக்கே வெட்கமாகிவிட்டது.

அந்த நேரம் பார்த்துத்தான் முசியே வெர்னோல் என்ற பிரெஞ்சுத் துரை வந்து இறங்கினார். தலைநகரத்தில் பெருங்கடல் பழம்பொருள் சங்கம் என்று ஒன்று. பிரெஞ்சுக் கனவான்களும் கொப்பரை வியாபாரிகளும் சேர்ந்து நடத்தியது. அதன் செயலாளர் அவர். சங்கம் புதிதாக ஓர் அருங்காட்சியகம் கட்டியிருந்தது, உள்ளே வைப்பதற்குத்தான் பெரிதாக ஒன்றும் அகப்படவில்லை. மெஹாராவைப் பார்த்ததும், இப்படிக் கேட்பாரற்று மழையில் நனைகிறதே என்று அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நனைவது அவளுக்குப் பல நூறு வருடப் பழக்கம் என்பது அவருக்குத் தோன்றவில்லை. மூப்பர் இயோத்தேஃபாவுக்கோ, வெளியூர்ப் பாதிரிமார் வந்தால் கண்ணில் படுகிற அந்தக் கல் எங்காவது ஒழிந்தால் போதும் என்றிருந்தது. கொடுப்பவர் ஒருவர், வாங்குபவர் ஒருவர், இருவருக்கும் அவசரம். தித்தாயினாவைத் தவிர யாருக்கும் மெஹாராவின் பசி நினைவில் இல்லை.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வீட்டில் சாப்பாடு குறைந்தால், சாப்பாடு நிறைந்த வீட்டுக்குப் பிள்ளையை ஊட்டுப்பிள்ளையாகக் கொடுப்போம். அது விற்பதும் அல்ல, கைகழுவுவதும் அல்ல. வாங்குகிறவர் ஊர் முன்னால், என் கையால் ஊட்டுவேன் என்று வாக்குக் கொடுப்பார். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை வேறு கையில் வாங்காது. பெற்றவள் எப்போது வேண்டுமானாலும் உறவோடு வந்து அந்த வீட்டில் தங்கலாம், ஆனால் அங்கே பிள்ளைக்கு ஒரு வாய்கூட ஊட்டக் கூடாது; ஊட்டினால் அந்த வீட்டைப் பட்டினி வீடு என்று முகத்தில் அடித்துச் சொன்னதாகும். பிள்ளை வாடினால் திருப்பிக் கேட்கலாம், வாக்குக் கொடுத்தவர் வாக்கை விட்டுக்கொடுத்தால் கூட்டி வரலாம். தித்தாயினாவே அப்படி இரண்டு வீட்டில் வளர்ந்தவள்தான், இரண்டு வீட்டிலும் செல்லம். ஓர் ஆள் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போவதற்கு எங்களுக்குத் தெரிந்த முறை அது ஒன்றுதான். எனவே மெஹாராவுக்கும் அதையே செய்தோம். தப்பு செய்தது அங்கேதான், அதை நாங்கள் மறைப்பதில்லை.

கடற்கரையில் மேஜை போட்டு, வெர்னோலுக்குச் சுட்ட பன்றியும் மீனும் வைத்து, ஊர் முழுக்கச் சுற்றி உட்கார்ந்தது. தித்தாயினா அவருக்கு எதிரே நின்றாள்.

"உங்க வீட்ல சாப்பாட்டுக்குக் கஷ்டம் ஒண்ணும் இல்லையே, ஐயா?"

"எங்க வீட்லயா? இதைப் பாத்தா கஷ்டப்படுறவன் மாதிரியா இருக்கு?" என்று வெர்னோல் தன் வயிற்றைத் தட்டிக் காட்டினார்.

"இவளுக்கு உங்க கையாலயே ஊட்டுவீங்களா?"

அவர் எங்கள் மொழியை நன்றாகப் பேசுவார். கேள்வி அவருக்கு முழுதாகப் புரிந்தது, வழக்கமும் தெரியும்; அதைப் பற்றிப் பத்திரிகையில் எழுதியவரே அவர்தான். புரிந்ததால்தான் சிரிப்பு வந்தது. பக்கத்தில் இருந்த கப்பல் தலைவனைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, "தாராளமா. தினம் மூணு வேளை ஊட்டுறேன்" என்றார்.

"மூணு வேளையெல்லாம் வேணாம், ஐயா. கெழங்கு எடுக்கிறப்போ ஒரு வெரல். மறக்காம இருந்தா போதும்."

"நான் எங்கேம்மா மறக்கப் போறேன்."

ஊர் மொத்தமும் கேட்டது. மூப்பர் இயோத்தேஃபா சபைப் பதிவேட்டைத் திறந்து, மெஹாரா, பெண், ஊட்டுப்பிள்ளை, வாங்கியவர் முசியே வெர்னோல் என்று எழுதினார். வயது என்ற இடத்தில் ஒரு கோடு போட்டார். கப்பல்காரர்கள் அவளைக் கரைக்குக் கொண்டுவர மூன்று நாள் ஆகும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். தித்தாயினா போய் அவள் காதருகே ஏதோ சொன்ன பிறகு, வாழைத்தண்டுகளை உருளையாகப் போட்டு, நாற்பது பேர் சபைப்பாட்டுப் பாடிக்கொண்டே இழுத்ததில் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் அவள் துறையில் இருந்தாள். வர மனமிருந்ததால் வந்தாள். வெர்னோல் தன் அறிக்கையில் அதை நவீன முறையில் இழுவிசையைப் பயன்படுத்தியதாக எழுதினார். அடுத்த வருடமே வயல்கள் தேறி, கிழங்கு கொழித்தது. தித்தாயினா வரப்பில் உட்கார்ந்து அழுதாள்.

அருங்காட்சியகத்தில் மெஹாராவை வழவழப்பான தரையில் நிறுத்தி, சுற்றிச் சிவப்புக் கயிறு கட்டினார்கள். தொடாதே என்று ஒரு பலகை, உள்ளே உணவுப்பொருள் கூடாது என்று இன்னொரு பலகை. வருடக் கடைசியில் நிறுத்துப் பார்த்தபோதுதான் அந்தப் பதினொரு கிலோ தெரியவந்தது. வெர்னோல் தராசைச் சந்தேகித்தார். பிரான்சில் இருக்கிற மார்செயிலிருந்து புதுத் தராசு வந்து சேர எட்டு மாதம் ஆயிற்று, அதற்குள் இன்னும் அறுபது கிலோ போய்விட்டிருந்தது. உயரத்திலும் நான்கு விரல் குறைவு. அவர் ஒன்றும் மூடர் அல்ல. கடற்கரையில் கொடுத்த வாக்கு அவருக்கு அன்றைக்கே நினைவு வந்திருக்கும் என்றுதான் நாங்கள் நம்புகிறோம். ஆனால் சங்கத்தின் பதிவேட்டில் இரண்டாயிரத்து நூறு கிலோ என்று அவர் கையாலேயே எழுதியாகிவிட்டது, பதிவேடு தப்பாக இருக்க முடியாது. எனவே அவள் காலடியில் நான்கு விரல் உயரத்துக்கு ஒரு மேடை கட்டச் சொன்னார். தலை பழைய உயரத்துக்கு வந்துவிட்டது. அதன் பிறகு வருடா வருடம், பிரெஞ்சுக்காரர்களின் தேசிய நாளான ஜூலை பதினான்காம் தேதி எல்லோரும் படகுப்போட்டி பார்க்கப் போயிருக்கும்போது, காவலாள் தெமாரு சுண்ணாம்பும் பவளமணலும் குழைத்து மேடையை உயர்த்துவான். ஆரம்பத்தில் அவளைத் தூக்கக் கப்பியும் சங்கிலியும் வேண்டியிருந்தன, பிறகு துறைமுகத்து ஆட்கள் நான்கு பேர் போதுமாயிருந்தது, கடைசிக் காலத்தில் தெமாரு ஒருவனே தூக்கிக்கொண்டான்.

தித்தாயினா சும்மா இருக்கவில்லை. நான்கு மாதத்துக்கு ஒருமுறை வரும் கப்பலில், பிள்ளை பழகிய சாப்பாடு அதுதான் என்று தாழையோலைக் கூடை நிறையப் போப்போய் அனுப்பிக்கொண்டிருந்தாள். ஊட்டுப்பிள்ளை போன வீட்டுக்கு அப்படி அனுப்புவது மரியாதை. புளித்த வாசனை கூடத்துக்கு ஆகாது, தூக்கிப் போடு என்றார் வெர்னோல். தெமாரு பவளத்தீவுக்காரன், மண்ணே இல்லாத ஊரில் பிறந்து, சேப்பங்கிழங்கை வாழ்க்கையில் எண்ணித் தின்றவன். அவனால் தூக்கிப் போட முடியவில்லை. மெஹாரா எத்தனை கிலோ குறைந்தாளோ கிட்டத்தட்ட அத்தனை கிலோ அவன் முதல் இரண்டு வருடங்களில் ஏறினான் என்று பேச்சு.

1938இல் தித்தாயினா முறைப்படி உறவோடு தலைநகரத்துக்குப் போனாள். அக்காள் இருவர், அவர்கள் கணவன்மார், ஒரு சித்தப்பா, இரண்டு பன்றிக்குட்டிகள். நேராக வெர்னோல் வீட்டுக்குப் போய்ப் பாயை விரித்தார்கள். அடுத்த கப்பல் வரும்வரை நான்கு மாதம். மதாம் வெர்னோல் முதல் வாரம் தலைவலி என்று படுத்தார், இரண்டாம் வாரம் பியானோவைப் பூட்டினார், மூன்றாம் வாரத்திலிருந்து சித்தப்பாவோடு சேர்ந்து காலை மீன்சந்தைக்குப் போக ஆரம்பித்துவிட்டார். தித்தாயினா தினமும் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சிவப்புக் கயிற்றருகே நின்றாள். முதல் நாளே அவள் கண்ணுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. மெஹாராவின் கன்னம் ஒட்டியிருந்தது, வயிற்றின் மேல் வைத்த கைகளுக்கும் வயிற்றுக்கும் நடுவே இடைவெளி விழுந்திருந்தது. பிறகு தெமாருவைத் திரும்பிப் பார்த்தாள். சட்டைப் பொத்தான்கள் அவன் மேல் படாதபாடு பட்டுக்கொண்டிருந்தன.

"நான் அனுப்புனதை யாருப்பா சாப்பிட்டா?"

"முசியே தூக்கிப் போடச் சொன்னாருக்கா," என்றான் தெமாரு. "போடுறதுக்கு ஒரு எடம் வேணுமே."

"ஒரு வெரலாவது இவளுக்கு வச்சியா?"

"வச்சுப் பாத்தேன். என் கையில வாங்கல. சொன்னவர் கையிலதான் வாங்குவா போல." அவன் தலையைக் குனிந்துகொண்டான். "எங்க ஊர்லயும் அப்படித்தாங்க்கா."

அன்று மாலையே அவள் வெர்னோலைக் கூடத்துக்கு அழைத்துவந்து நிறுத்தினாள். ஜன்னலோரம் சங்கத்து உறுப்பினர் இருவர் சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"இவ ஏன் ஐயா இப்படி எளைச்சுப் போயிருக்கா?"

"எளைக்கல. மேடை ஒசரமா இருக்கு, அதனால அப்படித் தெரியுது."

"மேடைதானே நல்லா வளருது. ஊட்டுறதை அதுக்கு ஊட்டிட்டீங்களா?"

"தித்தாயினா, இது கல்லு."

"வாங்குறப்போ பொண்ணுன்னு வாங்குனீங்க. வீட்டுக்கு வந்ததும் கல்லாயிட்டாளா?"

வெர்னோல் ஜன்னல் பக்கம் பார்த்தார், பிறகு குரலைத் தாழ்த்தினார். "உள்ள சாப்பாடு கூடாதுன்னு விதி இருக்கும்மா. அதை எழுதுனவனே நான்."

"அப்ப அழிக்கிறதுக்கும் நீங்களே போதும். ஒரே ஒரு வெரல், ஐயா. நானே பிசைஞ்சு தர்றேன். நீங்க உதட்டுல வச்சிட்டுக் கையைக் கழுவிக்கங்க."

"அவங்க பாக்குறாங்க. என்னைப் பாத்துச் சிரிப்பாங்க."

"சிரிச்சா என்ன, பசிக்குமா?"

அவர் கைகளைக் கோட்டுப் பைக்குள் நுழைத்துக்கொண்டார். அப்படியென்றால் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டதற்கு, சங்கத்தின் சொத்து, பதிவேட்டில் ஏறிவிட்டது என்றார். அந்த நான்கு மாதமும் தித்தாயினா விரலில் போப்போய் எடுத்துக்கொண்டு கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றாள். எட்டி வைத்தால் வைத்துவிடலாம், யாரும் தடுத்திருக்க மாட்டார்கள். ஆனால் வாக்கு இன்னும் வெர்னோலிடம் இருந்தது. அது இருக்கும்வரை அவள் கையில் மெஹாராவும் வாங்கமாட்டாள், கொடுப்பதும் அசிங்கம். களி விரலிலேயே காய்ந்துபோகும். பசிக்கிற பிள்ளை எதிரே சாப்பாட்டோடு நிற்பதைப் போல ஒரு கொடுமை இல்லை, அதை அவள் நூற்றுச்சொச்சம் நாள் செய்தாள். கப்பல் வந்ததும் திரும்பிவிட்டாள்.

அப்புறம் போர் வந்தது, போர் போனது, கொப்பரை விலை ஏறியது, இறங்கியது. மெஹாரா அஞ்சடி ஆனாள், நாலடி ஆனாள். பட்டினி பழகப் பழக வேகம் பிடிக்கும் போலிருக்கிறது. மேடை இடுப்பளவு, பிறகு மார்பளவு வந்தது. பாரிசிலிருந்து வந்த ஒரு பேராசிரியர் அரைநாள் பார்த்துவிட்டு, உயர்ந்த பீடமும் சிறிய உருவமும்தான் வைதாரூ சிற்பிகளின் தனிப்பாணி, தெய்வத்தின் தொலைவைக் காட்ட அவர்கள் கண்ட உத்தி அது என்று இருநூறு பக்கம் எழுதினார். தெமாரு குழைத்த சுண்ணாம்பைப் பற்றி மட்டும் அதில் நாற்பது பக்கம். தெமாருவுக்கு ஒரு பிரதி கொடுத்தார்கள். அவன் அதை ஆடும் மேஜையின் காலுக்கு அடியில் வைத்தான். 1951இல் வெர்னோல் ஓய்வு பெற்றார். கடைசி நாள் சாயங்காலம் அவர் ஏணி போட்டு மேடைக்கு ஏறியதைத் தெமாரு பார்த்திருக்கிறான். எட்டு வயதுப் பெண் அளவுக்கு வந்துவிட்டவளை வெகுநேரம் பார்த்தபடி நின்றார். கோட்டுப் பையில் சின்னதாக ஓர் இலைப்பொட்டலம் இருந்தது, வெளியே எடுத்தார். வாசலில் யாரோ நடக்கும் சத்தம் கேட்டது. பொட்டலத்தைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டார். அந்த வருடமே வாக்கைச் சங்கத்தின் பேருக்கு மாற்றிவிட்டுப் பிரான்சுக்குக் கப்பல் ஏறினார். அவரை மன்னிக்கலாமா என்று எங்கள் ஊரில் இன்னும் முடிவாகவில்லை.

புதுச் செயலாளர் முசியே ஒலிவே சுறுசுறுப்பானவர். எதையும் நேரில் பார்ப்பதில்லை, எல்லாவற்றையும் காகிதத்தில் பார்த்துவிடுவார். ஒவ்வொரு கப்பலிலும் அவருக்கு வைதாரூவிலிருந்து ஒரு கடிதம் வரும்: பிள்ளை வாடுகிறது, வாக்கை விட்டுக்கொடுங்கள், கூட்டிப் போகிறேன். சொல்வது தித்தாயினா, எழுதுவது மூப்பர் இயோத்தேஃபா. விக்கிரகத்துக்கு எழுதிக்கொடுப்பதா என்று முதலில் மறுத்தவர்தான். பிள்ளை விஷயம்தானே மூப்பரே, பதிவேட்டில் நீங்களே எழுதினீர்களே என்று அவள் கேட்ட பிறகு வாயைத் திறக்கவில்லை, பேனாவைத் திறந்தார். ஆறு வருடம், பதினெட்டுக் கடிதம். 1957இல் சங்கத்தின் வருடாந்தர விருந்தில் ஒலிவே பதினெட்டாம் கடிதத்தை எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். சாப்பாட்டு மேஜை குலுங்கியது. அந்தக் குஷியிலேயே ஓர் உத்தரவு எழுதி, எல்லோரும் கையெழுத்திட்டு, முத்திரையும் குத்தினார்கள்: பதிவேட்டின்படி இரண்டாயிரத்து நூறு கிலோ எடையுள்ள மேற்படி சிலையை விண்ணப்பதாரர் எந்திரமோ வண்டியோ வேறு ஆளோ இன்றி, தானே தன் கையால் தூக்கிச் செல்வதானால், சங்கத்துக்கு ஆட்சேபணை இல்லை, அந்தக் கணமே சங்கத்தின் வாக்கும் விலகிக்கொள்ளும்.

மூப்பர் அதை இரண்டு தடவை வாசித்தார். "உன்னைக் கேலி பண்ணியிருக்காங்க, தித்தாயினா" என்றார்.

"பண்ணட்டும், மூப்பரே. கையெழுத்து கீழ இருக்குல்ல?"

"பதினோரு கையெழுத்து இருக்கு."

"அது போதும்."

அவள் அடுத்த கப்பலில் தனியாகப் போனாள். அப்போது அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது, முழங்காலில் வலி. ஒலிவே உறுப்பினர்களையும் ஒரு பத்திரிகைக்காரனையும் வேடிக்கை பார்க்க அழைத்திருந்தார். கூடத்தில் நாற்காலிகள் போட்டிருந்தன. மேடை கிட்டத்தட்ட ஆள் உயரத்துக்கு நின்றது, அதன் மேல் என்ன இருக்கிறது என்று கீழே இருந்தவர்களுக்குச் சரியாகத் தெரியவில்லை. பார்க்க வேண்டும் என்று வெகு காலமாக யாருக்கும் தோன்றியதும் இல்லை. தித்தாயினா ஏணி கேட்டாள். ஏணி எந்திரத்தில் சேருமா என்று உறுப்பினர்கள் சிறிது நேரம் வாதம் செய்து, சேராது என்று பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தார்கள். தெமாரு ஏணியைப் பிடித்துக்கொண்டான்.

"பாத்து ஏறுங்க்கா," என்று மெதுவாகச் சொன்னான். "போன மாசம் தொடைக்கிறப்போ ஏழு கிலோகூட இல்ல. இன்னும் ஒரு வருஷம் தாங்கியிருக்க மாட்டா."

அவள் ஏறினாள். பிறகு மெஹாராவை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு கையால் ஏணியைப் பிடித்து, ஒவ்வொரு படியாக இறங்கி வந்தாள். எட்டு மாதக் குழந்தை அளவு. அதே தடித்த உதடு, அதே பெரிய கண், வயிற்றின் மேல் அதே கைகள். கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை. தித்தாயினா யாரையும் கும்பிடவில்லை, யாரையும் திட்டவில்லை. உணவுப்பொருள் கூடாது என்ற பலகைக்கு நேர் கீழே தரையில் உட்கார்ந்து, மடியில் அவளைப் போட்டு, இலையைப் பிரித்து ஒரு விரல் போப்போய் எடுத்து உதட்டில் வைத்தாள். களி அப்படியே இருந்தது. உதடு அவ்வளவு வறண்டிருந்தது. இருபத்தோரு வருடம் கழித்து ஊட்டுகிற கையை யாருக்குத்தான் உடனே அடையாளம் தெரியும். அவள் காத்திருந்தாள். பத்திரிகைக்காரன் கேமராவைத் தூக்க மறந்து நின்றான். வெகுநேரம் கழித்துக் களியின் ஓரம் கொஞ்சம் குறைந்தது, பிறகு பாதி ஆனது, பிறகு உதடு ஈரமாக மட்டும் இருந்தது. அவள் இன்னொரு விரல் எடுத்தாள்.

சங்கத்தின் கூட்டம் அன்று மத்தியானமே கூடியது. இரண்டாயிரத்து நூறு கிலோ சிலையை ஒரு பெண்பிள்ளை இடுப்பில் தூக்கிக்கொண்டு போனாள் என்று அரசாங்கத்துக்கு எழுத முடியாது. ஏழு கிலோ சிலையை என்றும் எழுத முடியாது. எனவே எதுவும் நடக்கவில்லை என்று ஒருமனதாகத் தீர்மானித்தார்கள். மேடை அங்கேயே இருக்கிறது, பெயர்ப்பலகையும் இருக்கிறது, கயிற்றுக்கு இப்பால் நின்று பயணிகள் அண்ணாந்து பார்த்துப் படமெடுத்துக்கொண்டு போகிறார்கள். பேராசிரியரின் நூல் மறுபதிப்பு வந்தது. தெமாரு வேலையை விட்டு வைதாரூவுக்கே வந்து, எங்கள் வயல்களில் கூலிக்குக் கிழங்கு பிடுங்குகிறான், தின்றதைக் கழிக்கிறானாம்.

கப்பலில் கைக்குழந்தைக்குச் சீட்டு கிடையாது. வயது என்ன என்று கேட்ட கப்பல் குமாஸ்தாவிடம், தெரியாது, பல் இன்னும் வரவில்லை என்றாள் தித்தாயினா. அவன் போ என்று விட்டுவிட்டான். ஊர் வந்து சேர்ந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, வெள்ளைக் கவுனும் சின்ன ஓலைத் தொப்பியும் போட்டு மெஹாராவைக் கோயிலுக்குத் தூக்கிவந்து, தாய்மார்கள் வரிசையில் உட்கார்ந்தாள். பாட்டு நின்றது. எல்லோரும் மூப்பர் இயோத்தேஃபாவைப் பார்த்தார்கள். நாற்பது வருடம் விக்கிரகங்களுக்கு எதிராகப் பிரசங்கம் செய்த மனிதர். அவர் பக்கத்தில் வந்து, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து, குனிந்து பார்த்தார்.

"ரொம்பத்தான் எளைச்சிருக்கா" என்றார். "அழ மாட்டாளே?"

"மாட்டா, மூப்பரே."

"அப்ப பாடுங்க, ஏன் நிறுத்துனீங்க?" என்று எங்களை அதட்டிவிட்டுத் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தார்.

மூன்று வருடம் மெஹாரா தித்தாயினாவின் இடுப்பிலேயே இருந்தாள். வயலுக்கு, ஓடைக்கு, கல்யாண வீட்டுக்கு, துக்க வீட்டுக்கு, எங்கே போனாலும் கூடவே. முதலில் ஒரு விரல், பிறகு கை நிறைய, பிறகு கிண்ணம் நிறைய. கவுனை இரண்டு முறை தையல் பிரித்துப் பெரிதாக்க வேண்டியிருந்தது. மருத்துவத் தாதி வாராவாரம் மற்றப் பிள்ளைகளோடு அவளையும் தராசில் வைத்து எழுதினாள்: ஒன்பது, பதினான்கு, இருபத்தாறு. பாரத்தில் தித்தாயினாவின் இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. அக்காள்மார் இறக்கி வையேன் என்றால், இவ்வளவு வருடம் தூக்காமல் இருந்தேனே என்பாள். 1960 நவம்பரில் ஒரு காலை, வயலுக்குக் கிளம்ப, வழக்கம்போல் குனிந்து இரண்டு கையும் கொடுத்துத் தூக்கினாள். மெஹாரா அசையவில்லை. இன்னொரு முறை முயன்றாள், மூச்சு வாங்கியது. பக்கத்து வீட்டுக்காரர்கள் உதவிக்கு ஓடி வந்தபோது தித்தாயினா தரையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும் இருந்தாள், எது எதற்கு என்று எங்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. எட்டுப் பேர் சேர்ந்து மெஹாராவை வரப்புக்குக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். தித்தாயினா அவள் கவுனைக் கழற்றி மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள். "இனிமே என்னால முடியாதுடி, நீயே நின்னுக்க" என்றாள். மெஹாரா நின்றாள். மழை தூற ஆரம்பித்தது, நாங்கள் கிழங்கு நடப் போனோம்.